ஆதர் சி. கிளார்க்கும் எங்கள் கடலும்

"நீங்களும் ஏதாவது எழுதித் தாருங்கோ" என்று சஞ்சிகைக் குழுவினர் கேட்டார்கள். நான் ஓ.எல். வரை படித்தவன். அதற்கு மேலே படிக்க நாட்டு நிலைமையும் விடவில்லை, வீட்டு நிலைமையும் விடவில்லை. கவிதையும் கதையும் எழுத எங்களுக்குள்ளே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் விரும்பி வாசித்த ஒரு எழுத்தாளரைப் பற்றி எழுதுகிறேன். ஆதர் சி. கிளார்க் என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்படாதவர்கள்கூட அவர் முதலில் எழுதி வைத்த ஒரு யோசனையை என்றோ ஒருநாள் காதிலே வைத்துக் கதைத்திருப்பீர்கள். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

கிளார்க் 1917 டிசெம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தில் சமர்செட் மாவட்டத்து மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரிலே பிறந்தவர். கமக்காரக் குடும்பம். 13 வயதில் தகப்பனை இழந்தார். தாய் தனியாக நின்று தோட்டத்தையும் பிள்ளைகளையும் பார்த்தார். பெடியனுக்குப் படிப்பில் கெட்டித்தனம் இருந்தது, ஆனால் பல்கலைக்கழகம் போகக் காசு இருக்கவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் 1936இல் லண்டனுக்குப் போய் அரசாங்கக் கந்தோரில் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் சேர்ந்தார். பகலில் ஆசிரியர்களின் ஓய்வூதியக் கணக்கு, இரவில் ரொக்கட்டும் சந்திரனும். நிலவுக்கு மனிதன் போவான் என்று சொன்னவர்களை ஊர் சிரித்த காலம் அது. அப்படிச் சொன்ன சிலர் சேர்ந்து நடத்திய பிரித்தானியக் கிரகாந்தர சங்கத்தில் இவரும் ஒருவர்.

உலக யுத்தம் வந்தது. விமானப் படையில் ரேடார் வேலை கொடுத்தார்கள். மூடுபனியில் ஓடுபாதை தெரியாமல் வரும் விமானத்துக்குக் கீழேயிருந்து வழி சொல்லி இறக்குகிற வேலை. யுத்தம் முடிந்த பிறகுதான், படையில் இருந்தவர்களுக்குக் கிடைத்த உதவியோடு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படித்து, 1948இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதலாம் வகுப்பில் தேறினார். அப்போது அவருக்கு 30 வயது. இதை எங்கள் சனத்துக்காகத்தான் குறிப்பாகச் சொல்கிறேன். இங்கே 30 வயதில் ஒருவர் மாலை வகுப்புக்குப் போனால் "இனி என்ன படிப்பு" என்று கேட்க எத்தனை பேர் இருக்கிறோம்!

அந்தப் பட்டத்துக்கு மூன்று வருடம் முன்னரேயே, 1945 ஒக்ரோபரில், 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால், அது பூமியைச் சுற்ற எடுக்கும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும். கீழேயிருந்து பார்த்தால் அது ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதாகத் தெரியும். அப்படி மூன்றை நிறுத்திவிட்டால் உலகம் முழுவதற்கும் வானொலியும் தொலைபேசியும் அனுப்பலாம். இதுதான் யோசனை. உண்மையான செய்மதி அந்த உயரத்துக்குப் போய் நின்றது 1964இல்; அந்த ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கை அது அமெரிக்காவுக்குக் காட்டியது. ஒரு விஷயத்தில் மட்டும் அவருடைய கணக்குத் தப்பியது. மேலே வால்வுகள் எரிந்து போனால் மாற்றுவதற்கு ஆட்கள் குடியிருக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். ட்ரான்சிஸ்டர் வந்து அந்த வேலையை இல்லாமல் செய்துவிட்டது. இந்த யோசனைக்கு அவர் உரிமைப்பத்திரம் எடுக்கவில்லை. ஓய்வு நேரத்திலே நூறு கோடி டொலரைத் தொலைத்த கதை என்ற கருத்தில் பின்னாளில் ஒரு கட்டுரைக்குப் பகிடியாகத் தலைப்பு வைத்தார்.

எனக்கு இவர் மீது ஆர்வம் வந்தது புத்தகத்தால் அல்ல, வேலையால். நான் ஹூஸ்டனில் கேபிள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கேபிளை அளந்து வெட்டி, நுனியை உரித்து, உள்ளே இருக்கும் செப்புக் கம்பி காயப்படாமல் தலையைப் பூட்டி நசுக்கி இறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு. எங்கள் மேற்பார்வையாளர் வியட்நாம்காரர், அவரும் ஒரு காலத்தில் படகிலே வந்தவர். இந்தப் பெட்டிகள் எங்கே போகின்றன என்று ஒருநாள் கேட்டேன். மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் செய்மதி அன்ரெனாவுக்குப் பூட்டுவதற்கு என்றார். வானத்தைக் கையால் காட்டி, "அங்கே ஒன்று அசையாமல் நிற்கிறது, அது கிளார்க்கின் வழி" என்றார். அந்த வட்டப் பாதைக்கு இன்றைக்கும் கிளார்க் பாதை என்று ஒரு பெயர் உண்டு. யார் இந்தக் கிளார்க் என்று தேடினால், மனிதர் எங்கள் நாட்டிலே செத்திருக்கிறார்!

1954 டிசெம்பரில் அவுஸ்திரேலியப் பவளப்பாறைகளில் சுழியோடப் போகும் வழியில் அவர் வந்த கப்பல் கொழும்பில் நின்றது. இறங்கி ஒரு அரை நாள் சுற்றிப் பார்த்திருக்கிறார். அந்த அரை நாள் போதுமாக இருந்தது. 1956இல் திரும்பி வந்தவர் சாகும்வரை, 52 வருடங்கள், இலங்கையை விட்டுப் போகவில்லை. பயணம் போவார், திரும்பி வந்துவிடுவார். கூட வந்தவர் மைக் வில்சன் என்ற சுழியோடி.

வந்த புதிதிலேயே இருவரும் எங்கள் திருகோணமலைக்கு வந்தார்கள். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துக் கடலிலே தள்ளியது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் தள்ளிய கல்லுகளைக் கடலுக்கு அடியில் போய்க் கண்ணால் பார்த்துப் படம் எடுத்தவர்கள் இவர்கள். சுவாமி மலையின் அடியிலே செதுக்கிய தூண்களும் படிக்கல்லுகளும் கிடந்தன. 1957இல் வெளிவந்த 'தப்ரபேனின் பவளப்பாறைகள்' என்ற ஆங்கிலப் புத்தகத்தில் கிளார்க் இதை எழுதியிருக்கிறார். கடலிலிருந்து வில்சன் மீட்டுக் கொடுத்த இலிங்கம் பிறகு கோயிலுக்கு வந்து சேர்ந்ததாக ஊரில் சொல்வார்கள்.

என் அம்மப்பா அந்தக் கரையில் தோணி வைத்திருந்தவர். வெள்ளைக்காரர் முதுகிலே இரும்புப் போத்தலைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போய், சீவன் போய்விட்டது என்று கரையில் நிற்பவர்கள் முடிவு கட்டிய பிறகு சிரித்துக்கொண்டு மேலே வருவார்களாம். "எங்கட ஆக்கள் மூச்சை அடக்கிக்கொண்டு போனவங்கள், அவங்கள் மூச்சைக் கொண்டு போனவங்கள்" என்பார். சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்ட கதை. அந்த வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் உண்டு என்று ஹூஸ்டனில் இருந்துதான் அறிந்தேன். அம்மப்பா அதற்கு முதலே போய்விட்டார்.

மைக் வில்சனின் கதையும் சுவையானது. 1961இல் தென்கரையில் மகா இராவணன் கோட்டை என்னும் பாறைத் திட்டிலே மூழ்கிய கப்பலொன்றில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைக் கட்டி கட்டியாகக் கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர். 1962இல் 'ரன் முத்து தூவ' என்ற படத்தை இயக்கினார். முதலாவது முழுநீளச் சிங்கள வர்ணப்படம் அதுதான், எடுத்தது திருகோணமலையில். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சுவாமி சிவகல்கி என்று பெயர் வைத்துக்கொண்டு கதிர்காமக் கந்தனுக்கு அடியவராகிவிட்டார். கிளார்க்குக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. தன் மரணச் சடங்கில் எந்த மதக் கிரியையும் இருக்கக்கூடாது என்று எழுதி வைத்த மனிதர். அப்படியானவரின் கூட்டாளி காவி கட்டினார் என்றால் அதற்கு எங்கள் மண்ணைத்தான் சொல்லவேண்டும்.

1962இல் கிளார்க்குக்குக் கை கால் இயங்காமல் போய்ப் பல மாதம் படுக்கையில் கிடந்தார். அந்த நோயின் பின்விளைவு வயதான காலத்தில் திரும்பி வந்து சக்கர நாற்காலியில் இருத்திவிட்டது. ஆனாலும் சுழியோடுவதை அவர் இலேசில் விடவில்லை. தண்ணீருக்குள்ளே உடம்புக்குப் பாரம் இல்லை, விண்வெளியிலும் இல்லை. விண்வெளிக்குப் போகமுடியாத மனிதன் அந்தச் சுகத்தைக் கடலுக்குள்ளே தேடினார். இலங்கைக்கு வந்ததன் காரணம் அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1964இல் நியூயோர்க் போய், செல்சி ஹொட்டலில் அறை எடுத்து, ஸ்ரான்லி குப்ரிக் என்ற இயக்குநரோடு சேர்ந்து '2001: ஒரு விண்வெளிப் பயணம்' கதையை எழுதினார். படமும் நாவலும் 1968இல் வந்தன. மறுவருடம் மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னவர்களில் இவரும் ஒருவர். இங்கே நாசா நிலையத்தில் சற்றேர்ன்-5 ரொக்கட்டைப் படுக்கவைத்திருக்கிறார்கள், 110 மீற்றர் நீளம். ஹூஸ்டன் பக்கம் வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நடக்கும்போதுதான் அதன் பருமன் விளங்கும்.

இனி எனக்கு மனதிலே தைத்த விஷயத்துக்கு வருகிறேன். 1975இல் இலங்கை அரசாங்கம் கிளார்க்குக்கு 'வதிவிட விருந்தினர்' என்ற தகுதியைக் கொடுத்தது. வரிச் சலுகையும் விரும்பியபடி வந்துபோகும் வசதியும் அதில் அடக்கம். கடைசிவரை அவர் பிரித்தானியப் பிரசையாகவே இருந்தார். அதை யாரும் குறையாக எடுக்கவில்லை. அதே 1975இல் இந்திய விண்வெளி விஞ்ஞானிகள் அவருடைய கொழும்பு வீட்டிலே பெரிய செய்மதி அன்ரெனா ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார்கள். நாட்டிலே அரசாங்கத் தொலைக்காட்சி வராத அந்தக் காலத்தில், கறுவாத் தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு அவர் படம் பார்த்தார்.

எனக்கு இங்கே முதலில் கிடைத்தது ஒரு இலக்கம். எல்லையைக் கடந்து ரெக்சாசுக்குள் கால் வைத்தவுடன் பிடித்து, தடுப்பு முகாமில் வைத்து, கையிலே ஒரு கடதாசி தந்தார்கள். அதிலே ஏலியன் இலக்கம் என்று இருந்தது. எங்களில் பாதிப் பேருக்கு அந்த இலக்கம் பிள்ளைகளின் பிறந்த திகதியைவிட நன்றாகப் பாடம். முகாமில் இருந்த கிழிந்த அகராதியில் அந்தச் சொல்லைப் பார்த்தேன். ஒரு கருத்து அந்நியன். மற்றக் கருத்து வேற்றுக்கிரகவாசி. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த எரித்திரியாக்காரருக்கு வானத்தைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டி விளங்கப்படுத்தினேன், அவரும் சிரித்தார். விருந்தினர் என்றும் வேற்றுக்கிரகவாசி என்றும் இரண்டு முத்திரைகள் இருக்கின்றன. எந்த ஊரில் பிறந்தவன் எந்த ஊருக்குப் போகிறான் என்பதைப் பார்த்துத்தான் குத்துகிறார்கள் போலும்.

அவருடைய புத்தகங்களில் நான் மிகவும் கஷ்டப்பட்டு வாசித்தது 1979இல் வந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்'. நூலகத்தில் எடுத்து, தவணை நீட்டி நீட்டி, சாப்பாட்டு இடைவேளைகளில் வாசித்து முடிக்க நாலு மாதம் எடுத்தது. ஒரு பொறியியலாளர் பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்ட நினைக்கிறார். அசையாமல் நிற்கும் அந்த 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து கீழே கயிறு இறக்க வேண்டும். இறங்குகிற இடம் பூமத்திய ரேகையில், உயரமான மலையாக இருக்கவேண்டும். சரியான மலை தப்ரபேன் என்ற தீவில் இருக்கிறது, ஆனால் உச்சியிலே பௌத்த பிக்குமாரின் மடம். சிவனொளிபாதமலையும் சிகிரியாவும் வேறு பெயரில் வருகின்றன. மலை உச்சிக்குப் பறந்து வரும் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய பகுதியை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

இலங்கை பூமத்திய ரேகையில் இல்லைதானே? அதற்காகக் கிளார்க் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி வைத்துவிட்டார்! கதைக்காரருக்கு அந்த அதிகாரம் உண்டு. தன் தப்ரபேன் ஏறத்தாழத் தொண்ணூறு வீதம் இலங்கை என்று முன்னுரையில் சொல்கிறார். வாசித்துக்கொண்டு போகும்போது அரசர்கள் வந்தார்கள், பிக்குமார் வந்தார்கள், எங்களைத்தான் காணவில்லை. மிச்சப் பத்து வீதத்துக்குள்ளே நாங்கள் இருக்கிறோமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைக் கோயிலில் ஒரு அண்ணையிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, அவன் கொழும்பு ஏழிலே இருந்து சுகமாக் கதை எழுதினவன். எண்பத்திமூண்டிலே எங்கட வீடு எரியேக்க அவன்ர வீடும் அங்கதான் இருந்தது. அவனைப் பற்றி எழுத எங்களுக்கு என்ன கிடக்கு?" என்றார். அண்ணை 83இல் எல்லாவற்றையும் இழந்து கப்பலில் வடக்கே போனவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தவர், தன் பெயரிலேயே ஒரு தொழில்நுட்ப நிலையம் கண்டவர், வாய் திறந்தால் உலகம் கேட்கும் என்ற நிலையில் இருந்தவர் இன்னும் உரத்துச் சொல்லியிருக்கலாம் என்பது என்னுடைய எண்ணமும்தான். விருந்தாளிக்கு வீட்டுச் சண்டைக்குள்ளே வாய் வைக்க ஒரு கூச்சம் இருக்கும். அதுவும் எனக்கு இங்கே விளங்குகிறது. இந்த நாட்டு அரசியலில் மனதுக்குப் பட்டதை நான் எத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்?

ஆனால் அண்ணைக்கு இன்னுமொரு செய்தி சொன்னேன். 2007 டிசெம்பரில், 90 வயது ஆனபோது, கிளார்க் ஒளிப்பதிவு ஒன்றில் தன் நண்பர்களுக்குக் கதைத்தார். மூன்று விருப்பம் சொன்னார். வேற்றுக்கிரகத்தில் உயிர் உண்டு என்பதற்கு ஒரு அத்தாட்சி கிடைக்கவேண்டும். மனிதர் எண்ணெயை எரிப்பதை விடவேண்டும். மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம் வரவேண்டும். ஐம்பது வருடம் இந்த நாட்டில் வாழ்ந்ததாகவும், அதிலே பாதிக் காலம் நாட்டைப் பிரித்த சண்டையைத் துக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். சின்ன வயதிலேயே வானத்தைப் பார்க்கத் தொடங்கிய மனிதன் கடைசியாகக் கேட்டவற்றில் ஒன்று அது. அடுத்த மாதமே, 2008 ஜனவரியில், அரசாங்கம் போர்நிறுத்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2008 மார்ச் 19ஆம் திகதி அவர் கொழும்பில் இறந்தார், பொரளை கனத்தையில் அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு பதினான்கு மாதத்தில் நடந்தது என்ன என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

காதிலே வைத்துக் கதைத்தது என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? 2009 தொடக்கத்தில் என் அக்கா குடும்பம் வன்னியில், நாங்கள் திருகோணமலையில். எனக்கு 17 வயது. ஒருநாள் இரவு அக்கா யாரிடமோ காசு கொடுத்துச் செய்மதித் தொலைபேசியில் எடுத்தா. மூன்று நிமிடம் இருக்கும். "அக்கா, பிள்ளைகள் எப்படி?" என்று கேட்டால் மறுபக்கம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நான் திரும்பக் கத்த, அந்த நேரம் பார்த்து அக்காவின் பதில் வரும், இரண்டு பேர் குரலும் மோதும். அத்தானைப் பற்றிக் கேட்டேன். அப்போதும் அதே மௌனம் வந்தது. பிறகு "இருக்கிறார்" என்று வந்தது. அந்த மௌனத்தை நான் பல வருடம் மனதுக்குள்ளே வைத்துப் பிரட்டினேன். சொல்லத் தயங்கினாவா, பொய் சொன்னாவா என்று.

கிளார்க்கின் கணக்கை வாசித்த பிறகுதான் அது விளங்கியது. என் குரல் 36,000 கிலோமீற்றர் மேலே போய், 36,000 கிலோமீற்றர் கீழே இறங்கவேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் வினாடி. அக்காவின் பதில் திரும்பி வர இன்னொரு கால் வினாடி. திருகோணமலைக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் ஒரு பஸ் பயணத்து தூரம். குரலுக்கு அவ்வளவு பெரிய சுற்று. பிள்ளைகளைக் கேட்டபோதும் அதே அரை வினாடிதான், அத்தானைக் கேட்டபோதும் அதே அரை வினாடிதான். அக்கா தயங்கவில்லை. அன்றைக்கு அத்தான் உண்மையாகவே இருந்தார். ஏப்ரலில்தான் இல்லாமல் போனார். அக்காவும் பிள்ளைகளும் மெனிக் பாம் முகாமுக்கு வந்து, இப்போது ஊரில் இருக்கிறார்கள். இதை நான் சென்ற வருடம் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நீ இதையா இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டா.

கிளார்க்கின் கதை ஒன்று எங்கள் திருகோணமலையிலேயே நடக்கிறது. 'ஒளிர்பவர்கள்' என்று தமிழில் சொல்லலாம். எங்கள் துறைமுகத்துக்கு அருகில் கடலடி சட்டென்று பெரும் பள்ளமாக இறங்குவது உண்மை. மேல் தண்ணீர் வெதுவெதுப்பு, அடித் தண்ணீர் ஐஸ். அந்த வித்தியாசத்தை வைத்து மின்சாரம் எடுக்க ஒரு நிலையம் கட்டுகிறார்கள். அதை யாரோ உடைத்துவிடுகிறார்கள். பார்க்கப் போகும் பொறியியலாளர் ஆழத்திலே கண்டது மனிதரை அல்ல, உடம்பிலே வெளிச்சத்தால் கோலம் போட்டு ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பெரிய கணவாய்களை. நான் சின்ன வயதில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த ஊருக்குக் கடலிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஒருவர் அவ்வளவு காலத்துக்கு முன்னரே எழுதி வைத்திருக்கிறார்!

அந்தக் கதையைத்தான் இப்போது இரவிலே என் மகளுக்குத் தமிழில் சொல்கிறேன். அவளுக்கு எட்டு வயது, பிறந்தது ரெக்சாசில், திருகோணமலையைப் படத்தில் மட்டும் கண்டவள். பொறியியலாளரின் பெயரை எடுத்துவிட்டு அம்மப்பாவின் தோணியைச் சேர்த்துக்கொண்டேன். கதைக்காரர் தீவையே தள்ளி வைத்தார், நான் ஒரு தோணியைச் சேர்த்தால் கோபிக்கமாட்டார். நேற்று அவள் கேட்டாள், "அப்பா, அந்தக் கணவாய் இப்பவும் அங்க இருக்கா?" என்று. இருக்கும், பள்ளம் நல்ல ஆழம் என்றேன்.